பதினோராவது வளைவு

தெ-ப்ரா ஆற்றுப்படுகையிலிருந்து ஓரேர் ஊர் வரை
எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று கேட்டால்
வரைபடம் ஒன்று சொல்லும்,
முழங்கால் வேறொன்று சொல்லும்.
நான் பதினொன்று வரை எண்ணுவேன்.
பதினொன்றில் சண்டை வந்துவிடும், கணக்குத் தப்பும்.

மாஃபாத்துக்கு ரோடு கிடையாது.
அரிசியும் காஸ் சிலிண்டரும்
ஹெலிகாப்டரில் தொங்கி வரும்.
மற்றதெல்லாம் காலால்:
தபால்காரர், டீச்சர், கோழிக்குஞ்சுப் பெட்டி,
ஞாயிற்றுக்கிழமைக் கோபங்கள்.

புயலுக்கு மறுவாரம் பாதையைப் பார்த்தோம்.
யாரோ கடித்துவிட்டு வைத்த ரொட்டி.
ஜினெத் நர்ஸாயா, எங்கள் மேஸ்திரி,
விளிம்பில் குந்தி
குடிக்க வைத்திருந்த பாட்டிலைக் கவிழ்த்தாள்.
எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்தாள்.
"நடக்கிறவனை விடு,
அவசரமெல்லாம் இதுக்குத்தான்."

அவ்வளவுதான் எங்கள் பொறியியல்.
மூன்று எட்டுக்கு ஒரு கட்டை, குறுக்கே,
கொஞ்சம் சாய்வாக.
தண்ணீர் வந்து முட்டி, யோசித்து,
பள்ளத்துப் பக்கம் இறங்கிக்கொள்ள வேண்டும்.
நேராக வைத்தால் தேங்கும்.
ரொம்பச் சாய்த்தால் அறுக்கும்.
கம்பிக் கூண்டுக்குள் கல் அடுக்குவது இவ்ரோன்.
ஒவ்வொரு கல்லையும் மூன்று தடவை புரட்டி
முகம் எது, முதுகு எது என்று பார்த்துத்தான் வைப்பான்.
மனிதர்களிடம் அத்தனை பொறுமை கிடையாது அவனுக்கு.
நான் கடப்பாரை.
நான் பெயர்த்த மண்ணில் பூச்சி பொறுக்க
டெக்-டெக் குருவி ஒன்று நாள் முழுக்கக் கூட வரும்,
சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல்.

பதினோராவது வளைவில்
பாதை ஐம்பது தப்படி சுற்றிப்போய்த் திரும்பும்.
நேரே இறங்கினால் எட்டுத் தாவல்.
எவனோ ஒருவன் தாவினான்.
அடுத்து வந்தவனுக்கு அது வழி.
மழைக்கு அது வாய்க்கால்.
நாங்கள் சவுக்குக் கிளை வெட்டி அடைப்போம்.
திங்கட்கிழமை வந்து பார்த்தால்
கிளைகள் ஓரமாய் ஒதுங்கிக் கிடக்கும்,
விருந்தாளிக்கு இடம் விட்டாற்போல.
குறுக்குப் புத்திக்காரர்களே என்று ஆரம்பித்து
மதியம் வரை திட்டுவோம்.
இவ்ரோன் அச்சைப் பார்த்து ஆளைச் சொல்வான்:
இது பந்தயக்காரன், இது ரப்பர் செருப்பு, இது ஆடு.
ஆட்டை மட்டும் மன்னிப்போம்.

ஒரு வியாழக்கிழமை,
பன்னிரண்டுக்கு மேலே, சிக்னல் கிடைக்கும் பாறையில்,
என் போனில் ஏழு அழைப்புகள்.
மரி-லின், ஸான்-போல் ஆஸ்பத்திரி,
மூன்று வாரம் முன்னதாகவே.
கடப்பாரையை என் கையிலிருந்து யார் வாங்கினார்கள்
என்று இன்றும் தெரியாது.
ஆற்றில் ஜீப் நிற்கிறது, ஓடு என்றாள் ஜினெத்.

யோசிக்காமல் தாவினேன் என்றால் பொய்.
யோசித்தேன்,
ஒரு கிளையை நகர்த்த ஆகும் நேரம்.
எட்டுத் தாவல் இல்லை அது. ஆறு.

நான் போய்ச் சேர்ந்தபோது
பிள்ளை பிறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.
இரண்டே கால் கிலோ, உள்ளங்கை மூடித் திறந்தபடி.
ஐம்பது தப்படி சுற்றி வந்திருந்தாலும்
அதே ஒரு மணி நேரம்தான்,
சில நிமிஷம் கூட.

விடுப்பு முடிந்து ஏறினேன்.
நடுவில் நான்கு நாள் மழை.
பதினொன்றில் எல்லா அச்சும் கரைந்திருந்தன,
ஒன்றைத் தவிர:
ஆழமாய் ஊன்றிய ஒரு குதிகால்,
இடது ஓரம் தேய்ந்தது.
அதிலிருந்து முழங்கை ஆழத்தில் ஒரு ஓடை
கீழ்ப்பாதை வரை மண்ணைக் கீறியிருந்தது.

மற்றதையெல்லாம் சரிபண்ணியிருந்தார்கள்.
இவ்ரோன் நிமிராமலே சொன்னான்:
"அது உன்னோடது. நாங்க தொடல."

கல் கொண்டு வந்தேன்.
மூன்று தடவை புரட்டினேன்.
குருவி வந்து பார்த்துவிட்டுப் போயிற்று.
மாலையில், போதும் என்று ஜினெத் சொன்ன பிறகும்,
குந்தி உட்கார்ந்து பாட்டிலைக் கவிழ்த்தேன்.
தண்ணீர் போய்க் கட்டையில் முட்டியது.
கொஞ்சம் யோசித்தது.