மூன்றும் ஒன்றும்

ஜியு பள்ளத்தாக்கில் எங்கள் சுரங்கத்தை மூடியபின்
விளக்கறைக்கு வெள்ளையடித்து
சிகிச்சைக்கென்று கொடுத்துவிட்டார்கள்.
சுவரில் ஆணிகள் மட்டும் அப்படியே,
ஒவ்வொன்றின் கீழும் ஓர் எண்.
நானூற்றுப் பன்னிரண்டு என்னுடையது.
அடுத்த ஆணியை நான் பார்ப்பதில்லை.

வீடு ஏழாம் மாடியில்.
லிஃப்ட் கதவு மூடும்போதெல்லாம்
காலுக்குக் கீழே பூமி
எண்ணூறு மீட்டர் வழுக்கிப் போகும்.
ஒரு மடக்கு பிளம் சாராயம் குடித்தால் ஏறலாம்.
இரண்டு குடித்தால் ஏறியதே தெரியாது.
பிறகு லிஃப்ட் ஓடாத நாளிலும்
ஏறிக்கொண்டே இருந்தது.

போகாத கதவில்லை.
குடிக்கு ஒரு கதவு, செவ்வாய் மட்டும்:
'முதலில் அந்தப் பயத்துக்கு யாரையாவது பார்.'
பயத்துக்கு ஒன்று:
'குடிப்பவனுக்கு இந்த மாத்திரை எழுத முடியாது.'
கெட்ட கனவுக்கான டாக்டர்
பேருந்தில் இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தார்.
'எத்தனை மாதமாகத் தொடவில்லை?' என்றார்,
கடிகாரத்தைப் பார்த்தபடி.
என்னைக் கூறுபோட்டுக்கொண்டார்கள்.
மீனைக் கூறுபோட்டால்கூடத்
தலை யாருக்கென்று ஒரு சண்டை நடக்கும்.
என் தலையை யாரும் கேட்கவில்லை.

நிறுத்தியும் பார்த்தேன். பத்தொன்பது நாள்.
குடி காலிசெய்த இடத்தில்
கனவு குடியேறியது.

ஸ்மராந்தா வந்தது நவம்பரில்.
கான்ஸ்டான்ட்ஸாக்காரி, கடலோரத்துப் பேச்சு.
ஒரே கோப்பு வைத்திருந்தாள்.
மாத்திரை எழுதுகிறவரும் அதிலேயே எழுதினார்.
எனக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை.
அறையில் ஹீட்டர் இருந்தது, உட்கார்ந்தேன்.

பக்கத்து நாற்காலியில் சம்ஃபிரா.
ரயில்வே கேட் காவல் பார்த்தவள்.
ஒரு மாலை, சில நொடி தாமதம்.
இன்றும் எங்காவது ஹாரன் கேட்டால்
இல்லாத நெம்புகோலைக் கீழே இழுக்கிறாள்.
மாத்திரைகளை அவள் விழுங்கியது
கால அட்டவணைப்படி, எட்டு வருடம்.

ஐந்தாம் வாரம் வாய் திறந்தேன்.
மூன்றாம் ஷிஃப்ட். வாயு.
மீட்க இறங்கியவர்கள் ஆறு பேர்.
கூண்டு பாதிவழியில் நின்றது.
கீழே யாரோ குழாயைத் தட்டினார்கள்,
மூன்று தட்டு, சற்று விட்டு ஒன்று.
ட்ராயன்.
என் வீட்டுக் கதவையும் அப்படித்தான் தட்டுவான்.
பதிலுக்குத் தட்டக் குழாய் எட்டவில்லை.
இருபது நிமிடம்.
அப்புறம்

'அங்கேயே நில்லுங்கள்' என்றாள் ஸ்மராந்தா.
'இப்போது என்ன வேண்டும்?'
'ஒரு மடக்கு.'
'நெஞ்சு?'
'அடித்துக்கொள்கிறது.'
'எங்கே இருக்கிறீர்கள்?'
'கூண்டில்.'
பேனாவை மூடி வைத்தாள்.
'மூவரும் இந்த ஒரு சொல்லில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.
தனித்தனியாகக் கூப்பிட்டால்
யார் எழுந்து வருவார்கள்?'

மார்ச்சில் ஒரு ராத்திரி குடித்தேன்.
அடுத்த வீட்டுக் கிழவர் உப்பு கேட்டுக்
கதவைத் தட்டியிருந்தார்,
தற்செயலாக, மூன்றும் ஒன்றும்.
விரட்டிவிடுவாள் என்று
பையைக் கட்டிக்கொண்டே போனேன்.
'என்ன சத்தம் கேட்டது?' என்றாள்.
அதுதான் அவளுடைய முதல் கேள்வி.

இப்போது லிஃப்ட்டில் மூன்று மாடி.
மிச்சம் நான்கும் படிக்கட்டு.
ஐந்தாம் மாடியில் யாரோ
தினமும் முட்டைக்கோஸ் வதக்குகிறார்கள்.
அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன்,
எந்த வீடு என்று இன்னும் தெரியாது.

நேற்று விளக்கறையில்
சம்ஃபிராவிடம் ஹீட்டர் குழாயைத் தட்டச் சொன்னேன்.
நானே கேட்டேன்.
அவள் கை என்னுடையதைவிட நடுங்கியது.
மூன்று.
நானூற்றுப் பதின்மூன்றாம் ஆணியைப் பார்த்தபடி இருந்தேன்.
துரு. ஒரு சிலந்தி நூல்.
ஒன்று.

எழுந்துபோய் நானும் தட்டினேன்.

பிறகு கழிவறையில் நெடுநேரம் வாந்தி.
கதவுக்கு வெளியே
என் கோட்டைப் பிடித்துக்கொண்டு
அவள் நின்றிருந்தாள்,
கேட் திறக்கக் காத்திருப்பவள்போல.