நாலாவது வயிறு

துருஹாஷி ரயில் பாலத்துக்கு அடியில்
பதினோரு இருக்கைக் கடை.
கோட்டுகளைக் குப்பைப் பையில் திணித்து
முடிச்சுப் போட்டுத் தருகிறார் யாங் அக்கா.
"புகை வீடுவரை கூடவே வரும்,
அப்புறம் என்னைத் திட்டாதீங்க."
மிட்சுயோ கைப்பையை மட்டும் தரவில்லை.
காய்ச்சல் கண்ட பூனையைப் போல
மடியில் வைத்துக்கொண்டாள்.

முதலில் மினோ, மாட்டின் முதல் வயிறு:
வெள்ளையாய், கீறல் கீறலாய்,
தேய்ந்த செருப்பின் அடிபோல.
அடுத்து ஹாச்சினோசு, தேன்கூடு என்று பெயர்,
தேன் இல்லை.
மூன்றாவது சென்மாய்,
ஆயிரம் தாள் புத்தகம்.
புல்லைத் தவிர எதையும் படித்ததில்லை.

"நாலும் வேணும்."
"நாலாவது தீர்ந்துபோச்சு.
ஒரு மாட்டுக்கு ஒண்ணுதானே, என்ன செய்ய?"

"எனக்கு மொத்தமே ஒண்ணுதான்" என்றாள் மிட்சுயோ.
"அதிலும் முக்கால்வாசியை
வர்ற செவ்வாய்க்கிழமை எடுத்துடுவாங்க."

பஸ்ஸில் குடையை விட்டுவந்ததைச் சொல்லும் குரல்.
யாங் அக்கா கேட்காததுபோல்
கரியைக் கிளறிவிட்டுப் போனார்.

தலைக்கு மேல் நாராவுக்கு ஒரு ரயில்.
பீர் தம்ளர்கள் நடுங்கி
ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.
என் ஈரக்குலைக்கு
அந்த ரயில் போய் நெடுநேரம் ஆகியும்
நிற்கவில்லை.

சிறுகுடல் துண்டுகளைப் போட்டாள்.
கொழுப்பு சொட்டியது, தீ ஆளுயரம் எழும்பியது.
"ஐஸ்! ஐஸ்!"
கிண்ணத்திலிருந்து ஒரு கட்டியை எடுத்து
நெருப்பின் நடுவில் வைத்தேன்.
தீ முனகியபடி உட்கார்ந்தது.
இந்த ஊரில் கோபத்தை
இப்படித்தான் சமாளிக்கிறார்கள்,
அணைப்பதில்லை.

பிறகுதான் பையைத் திறந்தாள்.
நாலாய் மடித்த காகிதம்.
ஆஸ்பத்திரிக்கு ஒரு ஜாமீன்தாரர் வேண்டுமாம்.
"அண்ணன் இருக்கான், அசாஹிகாவாவுல.
பேசிப் பதினாறு வருஷமாச்சு.
அவன் பேரை எழுதுறதுக்கு
முழு வயித்தையும் வெட்டிப் போட்டுடலாம்."

இவள்தான் ஓட்டுநர் பள்ளியில்
என்னை இரண்டு முறை தோற்கடித்தவள்.
"பின்னால பார்க்காமலே பின்னால போறீங்க, ஒரியே-சான்."
மூன்றாம் முறை தேறினேன்.
அன்றிரவு இதே கடை, இதே மினோ.
இன்றுவரை நான் கார் வாங்கவில்லை.

பெயர் எழுதினேன். முகவரி எழுதினேன்.
உறவுமுறை என்றொரு கட்டம்.
கணவர், மகன், மகள், உடன்பிறந்தோர்,
கடைசியில், சின்ன எழுத்தில்,
மற்றவை.

ஒசாகாக்காரர்கள் சொல்வார்கள்:
தூக்கி எறிய வேண்டியது என்பதுதான்
ஹொருமோன் என்று திரிந்ததாம்.
பொய்யாகவும் இருக்கலாம்.
நல்ல கறியெல்லாம் தராசில் ஏறிப் போனபின்
வாளியில் மிஞ்சிய மற்றவை.
அதை அலசி, உப்பிட்டு, பூண்டு தேய்த்து
முதலில் யார் சுட்டார்களோ,
யாங் அக்காவின் பாட்டனாரோ, அவர் பக்கத்து வீட்டுக்காரரோ,
அவர்கள் பசியின் புண்ணியத்தில்
இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

மற்றவையை வட்டமிட்டேன்.
"முத்திரை கொண்டுவரலையே" என்றேன்.
"கைநாட்டு போதும்" என்று
மிளகாய் விழுதை என் பக்கம் நகர்த்தினாள்.
சிரித்ததில் புகை புரையேறி
இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர்.
எது எதற்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அதற்குள் காகிதத்தின் மேல்
ஒரு சொட்டுக் கொழுப்பு.
துடைக்கத் துடைக்கப் பரவி
கட்டத்துக்கு அப்பால் தெரியத் தொடங்கியது
கரி அடுப்பின் சிவப்பு.

"ஆறப்போகுது, சாப்பிடு."
மினோவை வாயில் போட்டேன்.
மென்றேன். மென்றேன்.
மெல்லலாம், மென்றுகொண்டே இருக்கலாம்,
தீராது இது.
"எப்பத்தான் முழுங்கறது?" என்று கேட்டேன்.

மிட்சுயோவும் மென்றுகொண்டிருந்தாள்.
கையைக் காட்டினாள்,
இரு என்று.