பெருவிரல்

சீட்டுக் காசு எண்ணும்போது
தவக்குலசிங்கம் பெருவிரலை நாக்கில் தொடுவான்.
தொண்ணூற்றெட்டில் பேர்க்டோர்ஃப் தமிழாக்கள் எல்லாரும்
அந்த விரலை நம்பினோம்.
இருபத்தெட்டுப் பேர், மாதம் அறுநூறு பிராங்,
தாச்சி அவன்.

ஆஸ்பத்திரி லொண்டரியில்
யார் யாரோ இரத்தம் சிந்திய விரிப்புகளை
மடித்து மடித்துக் கட்டிய சீட்டு,
தம்பியை எடுக்க.
கொழும்பு லொட்ஜில் ஏஜென்சிக்காரன்
இரண்டு கிழமை பார்ப்பான்,
பிறகு அடுத்த பெடியனை ஏற்றுவான்.

கழிவு போகப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு
என் பேருக்கு விழுந்த வெள்ளிக்கிழமை
தவக்குலசிங்கத்தின் தொலைபேசி
அடித்துக்கொண்டே இருந்தது.
லியோன் என்றார்கள். லண்டன் என்றார்கள்.
தம்பி வன்னிக்குத் திரும்பிப் போனான்.
மிச்சத்தை இங்கே எழுதமாட்டேன்.

எட்டு வருடம் கழித்து ஒரு முதற் சனி,
காலை பத்து, வாசல் மணி.
"அக்கா, நான் ஞானஸ்நானம் எடுத்திட்டன்.
எம்மெ ஆற்றில, ஒக்டோபரில, கழுத்து மட்டும் தண்ணி."
"தடிமன் வந்ததோ?"
"வந்தது."
"காசு?"
உறையைத் திறந்தான்.
பெருவிரலை நாக்கில் தொட்டு
ஐந்து இருபதுகளை எண்ணினான்.
அதே விரல். அதே எச்சில்.
எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

மூன்று மாதம் தாங்காது என்றது சனம்.
நான் ஆறு மாதம் கொடுத்தேன்.

ஒருமுறை ஆண்டவர் என்று வாயெடுத்தான்.
"காசை வைச்சிட்டுப் போ" என்றேன்.
அதன்பிறகு ஆண்டவரைக் கீழே
சைக்கிள்களோடு நிறுத்திவிட்டுத்தான்
படியேறி வருவான்.

கூப் கடையில், பால் தட்டுக்கு முன்னால்,
மகன்மீது அவன் பாய்ந்து விழுந்ததைக் கண்டேன்.
நான் கண்டதை அவனும் கண்டான்.
அந்தச் சனி, உறையை நீட்டும் முன்,
"அது பழைய ஆள் அக்கா.
வெளியில விட்டுப் பூட்டினாலும்
அவனிட்டை இன்னும் ஒரு திறப்புக் கிடக்கு" என்றான்.
நான் சிரிக்கவில்லை.
அவன் படியிறங்கிய பிறகு, கொஞ்சம்.

முழங்காலளவு பனி கொட்டிய சனிகள்.
காய்ச்சல் சனி ஒன்றில் மகன் வந்தான்,
எண்ணத் தெரியாமல் தாள்களை மேசையில் பரப்பினான்.
வேலை போன வருடம் ஐம்பது ஐம்பதாக,
பிறகு நூற்றைம்பதாக.
ஒவ்வொரு தடவையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி,
கையெழுத்து கேட்பான்.
"ப." என்று மட்டும் போடுவேன்.
முழுப் பெயரை அவனுக்குச் செலவழிக்க விருப்பமில்லை.

பத்தரை வருடம்.
நூற்றிருபத்தாறாவது வரியில்
நான் என் எழுத்தைப் போடவில்லை.
இளங்கீரன் என்று எழுதினேன்.
கொப்பியை அவன் பக்கம் திருப்பி,
"இதுக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

பார்த்தபடி நின்றான்.
பெருவிரல் வாய்வரைக்கும் போய்
காய்ந்தபடியே திரும்பி வந்தது.

அப்போதுதான் அந்த விரலை
இரண்டாம் தடவை நம்பினேன்.
மன்னிப்பு வேறு சொல்.
அதை நான் சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை.

கணக்கு முடிந்தது.
அடுத்த மாதம் முதற் சனி
லொண்டரிக்கு மாறி வேலை செய்ய ஆள் கேட்டார்கள்,
ஏனோ மாட்டேன் என்றுவிட்டேன்.
பத்துக்கு மணி அடித்தது.
உறை இல்லை.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஜாக்கெட்டில் தேடிக்கொண்டு நின்றான்.
"அந்தக் கடைசி வரி முடியேல்லை அக்கா."

உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.
கதவைச் சாத்தவும் இல்லை.
வெளியில் மார்ச் மாதத்துக் குளிர்.
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால்
வீட்டுச் சூடு
படிக்கட்டில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.