ஒட்டுக்கு இரண்டு

கையில் பருத்திக் கையுறை.
மூச்சைக்கூடப் பக்கவாட்டில்தான் விடவேண்டும்,
ஈரம் பட்டால் போச்சு.
பர்பாங்க்கில், ஜன்னலில்லாத அறையில்,
நான் நெகட்டிவ் வெட்டுகிறேன்.
வெட்டு ஒன்று துண்டு இரண்டு:
மற்றவர்களுக்கு அது பேச்சு,
எனக்கு வாரச் சம்பளம்.

டப்பாக்கள் இரண்டு அடுக்காக வந்தன.
ஹொனலுலுவில் எடுத்தவற்றுக்கு நீல நாடா,
கியோட்டோவில் எடுத்தவற்றுக்குச் சிவப்பு.
சிவப்பின்மேல் பென்சிலில் யாரோ அழகாக எழுதியிருந்தார்கள்:
'காட்சி 41. கப்பல் தளம். விடியல். மழை விட்ட பின்.'
அதை வாசிக்கத் தெரிந்தவள்
இந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தி.
படம் என் மேஜைக்கு வந்ததும் அதனால்தான்.
"ரெண்டு பக்கத்தையும் சமமாக் காட்டறோம், சுமியே.
யாரையும் அரக்கனாக்கலை" என்றார் டெல்பர்ட்.
நல்ல மனிதர். வெள்ளிக்கிழமை டோனட் வாங்கி வருவார்.

நெகட்டிவ்வில் காலை கறுப்பு.
சூரியன் ஒரு கரிவட்டம்.
தீ கறுத்து எழும்ப, புகை
வடித்த சோற்றின் ஆவிபோல
வெள்ளை வெளேரென்று கப்பல்மேல் படர்கிறது.
முகங்களோ, எந்தப் பக்கமானாலும்
ஒரே கரிமுகம்,
சிரித்தால் ஒரே கறுப்புப் பல்,
பாதிப்பேருக்கு இருபது வயதில் நரை.
ஓரத்து எண்ணைப் பார்த்துத்தான்
யார் யாருடைய ஆள் என்று பிரிக்கிறேன்.

மேகத்துக்கு மேலே ஒருவன்
சோற்றுருண்டையின் கடைசி வாயை மெல்கிறான்.
வெட்டு.
கீழே கப்பல் அடுக்களையில் ஒருவன்
இருநூறு முட்டைகளில் ஒன்றை
இரண்டு கையாலும் பிடித்து உடைக்கிறான்.
வெட்டு.
அவன் கைக்கடிகாரம் பார்க்கிறான்.
வெட்டு.
இவன் உள்ளே விழுந்த ஓட்டை
விரலால் துழாவி எடுக்கிறான்.
அவனுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது.
எனக்கு, இவன் எந்த ரீலில் சாவான் என்பதுவரை தெரியும்.
ஒன்பதில்.

சும்மா வைத்து அழுத்தினால் ஒட்டாது.
இந்த முனையில் ஒரு படம்
அந்த முனையில் ஒரு படம்
சுரண்டிக் கொன்றால்தான் பசை பிடிக்கும்.
ஒட்டுக்கு இரண்டு.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் ஒட்டு.
டெல்பர்ட் சொன்ன சமம்
இங்கே மட்டும் தவறுவதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு எட்டு வயது.
டெர்மினல் தீவு, சான் பெட்ரோவுக்கு எதிரே.
தெருவே டூனா எண்ணெய் நாறும்.
வலையிலிருந்து நிமிர்ந்து அப்பா ரேடியோவைக் கேட்டார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
வீட்டில் எனக்குத்தான் இங்கிலீஷ் வரும்.
"யார் அடிச்சது?"
"நாம."
"யாரை?"
"நம்மளை."
மறுநாள் தொப்பி போட்ட இரண்டு பேர் வந்தார்கள்.
அப்பா வீட்டுச் செருப்போடு போனார்.
நாலு வருடம்.

நீல நாடாவில் தேடினேன். சிவப்பிலும்.
காட்சிப் பட்டியலை விரல் வைத்துப் படித்தேன்.
வலை இல்லை, ரேடியோ இல்லை,
செருப்பு இல்லை.
குறையாகச் சொல்லவில்லை,
படம் இப்போதே இரண்டரை மணி நேரம்.

வேலை செய்தவர்களுக்கென்று ஒரு மாலை திரையிட்டார்கள்.
அப்பாவைக் கூட்டிப்போனேன்.
கார்டீனாவில் யாரோ ஒருவரின் புல்வெளியை வெட்டிவிட்டு
முழங்காலில் பச்சைக் கறையோடு வந்து உட்கார்ந்தார்.
முதல் குண்டு விழுந்தபோது வரிசையே அதிர்ந்தது.
நான் ஒட்டுகளுக்கு மட்டும் இமைத்துக்கொண்டிருந்தேன்.
அப்பா அசையவில்லை. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

வெளியே, கார்களுக்கு நடுவே, சாவி தேடும்போது
எப்படியிருந்தது என்று கேட்டேன்.

"அந்தச் சமையல்காரன் நெஜ ஆளில்லை" என்றார்,
முகாம் அடுக்களையில்
நாலு வருடம் காலைச்சாப்பாடு போட்டவர்.
"எரநூறு முட்டை ஒடைக்கறவன்
ரெண்டு கையால ஒடைக்கமாட்டான்."
இருட்டில் வலது கையை நீட்டி,
இல்லாத ஒரு முட்டையை
இல்லாத ஒரு விளிம்பில் தட்டி,
கட்டைவிரலால் திறந்து காட்டினார்.
ஓடு உள்ளே விழவில்லை.