தகரத்துக்குள் ஒரு கோடு

"ஏத்தாதே, விலை விழுந்துருச்சு" என்று
மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து கிளம்பிய வார்த்தை
இரவு ஒன்றரைக்கே பாலாடா வந்துவிட்டது.
வந்து, தகரக் கொட்டகைக்கு வெளியே நின்றுகொண்டது.
லாரி பர்லியாறு தாண்டிய பிறகு
நான் கால் நீட்டலாமென்று வெளியே வந்தேன்.
ஸ்வெட்டர் பைக்குள் துடித்தது.
நூற்றுப்பத்து மூட்டை கேரட்.
போஜ கவுடர் என்னைத் திட்டவில்லை.
கொட்டகையைத்தான் பார்த்தார்,
கடன் வாங்கிவிட்டு
கண்ணெதிரே டீ குடிக்கும் மச்சானைப் பார்ப்பதுபோல.

நாலு பக்கமும் தகரம், தலைக்கு மேலும் தகரம்.
மழைக்கும் பன்றிக்கும் பயந்து போட்டது;
பேச்சுக்கும் சேர்த்துப் போட்டதாகிவிட்டது.
நாற்பது படி மேலே வீட்டில் வைஃபை உண்டு.
கவுடரின் பேரன் கம்பளிக்குள் படுத்தபடி
வேறெங்கோ வெயிலில் நடக்கும் கால்பந்து பார்க்கிறான்.
இங்கே ஒரு கோடு.
மூச்சு விட்டால் அதுவும் போகும்.

முதல் வாரம் வித்தைகள்.
ஷட்டரைத் தூக்கியே வைத்தோம்.
சிக்னல் வந்ததோ இல்லையோ, பனி வந்தது;
கழுவுகிற எட்டுப் பேரின் விரல்களும்
கேரட்டைவிட விறைத்துப்போயின.
கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி
ஃபைபர் ஷீட் போட்டோம்:
பகலில் வெளிச்சம், இரவில் அரைக் கோடு.
சுக்லால் தன் சோற்றுத் தட்டைத் துடைத்து
போனுக்குப் பின்னால் சாய்த்து நிறுத்தினான்.
திருப்பித் திருப்பி
மேல் வீட்டுக்கு அதன் முகத்தைக் காட்டினான்.
இரண்டு கோடு!
அவனுக்குப் பசிக்கும்வரை.

அப்புறம் ஊட்டியிலிருந்து ரொசாரியோ வந்தான்.
தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி
சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டான்.
"காத்துல அனுப்பாதீங்க மேடம்,
இது திருப்பி அடிச்சிரும்.
ஒயர்ல கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து
உள்ள விட்டுருவோம்."
அவ்வளவுதான் விஷயம். ஆறாயிரத்து நானூறு ரூபாய்.

அறுபது மீட்டர் கறுப்பு ஒயர்,
தண்ணீர் ஹோஸோடு சேர்த்துக் கட்டி
மண்ணுக்குள், ஒரு சாண் ஆழத்தில்.
போதாது என்றது காட்டுமாடு.
மூன்றாம் நாள் காலை பெரிய குளம்படி,
அதில் தேங்கிய தண்ணீர்,
தண்ணீரில் அறுந்த நுனி.
மறுபடி தோண்டி, குழாய்க்குள் போட்டு மூடினோம்.

தகரத்தில் துளை போட்டது நான்.
டிரில் அலறியது. சுண்டுவிரல் நுழையும் அளவு.
ஓரம் ஒயரை அறுக்குமே என்று
பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் செருகினேன்.
பத்து வருடம் இந்தச் சுவருக்குள் உட்கார்ந்து
மூட்டை எண்ணியிருக்கிறேன்.
அதன் கனம் அன்றுதான் தெரிந்தது:
நகத்தைவிடக் கொஞ்சம் மெலிசு.

சாயங்காலம் ஏழு மணிக்கு
உள்ளே வைத்த பெட்டியில் பச்சை விளக்கு.
எட்டு போன்களும் ஒரே நேரத்தில்
தொண்டையைக் கனைத்தன.
மண்டி விலை வந்தது, கிலோவுக்கு நாலு ரூபாய் கம்மியாக.
நேரத்துக்கு வரும் என்றுதான் ரொசாரியோ சொன்னான்,
நல்லதாக வரும் என்று சொல்லவில்லையே.

கழுவும் டிரம் நின்றது.
சுக்லால்தான் நிறுத்தினான், யாரையும் கேட்கவில்லை.
தும்காவிலிருந்து பாஹா வந்திருந்தாள், உள்ளங்கை அகலத்தில்.
இத்தனை நாள் வாசலுக்கு வெளியே
மங்கி குல்லாவுக்குள் நடுங்கியபடி பேசுவான்;
அவள் கண்டதெல்லாம் இருட்டு, ஒரு மூக்கு.
இப்போது டியூப் லைட்டுக்கு அடியில்
சுற்றிச் சுற்றிக் காட்டினான்:
டிரம், ஈரத் தரை, சாக்கு,
கணக்கு நோட்டோடு நான்.
அவள் என்னவோ கேட்டாள்.
அவன் சிரித்தான், பிறகு நிறுத்திக்கொண்டான்.
"என்ன கேக்குறா?"
"மலையில வேலைன்னு சொல்லியிருந்தேன், தீதி.
ஜன்னல் எங்கன்னு கேக்குறா."

நான் துளையைப் பார்த்தேன்.
சைக்கிள் டியூப் கச்சிதமாகத்தான் இருந்தது.
லாரியை வரச் சொல்லவா வேண்டாமா என்று
மேல் வீட்டிலிருந்து கவுடர்
என் போனில் கேட்டுக்கொண்டிருந்தார்,
விட்டு விட்டு வராமல்,
பக்கத்தில் நிற்கிற மாதிரி.