மறுமுனை

பதினாறடி அகலம் என்றேன் தொலைபேசியில்.
"அளந்தீங்களா, குத்துமதிப்பா?"
கடைப் பெண்ணின் குரலில் தூக்கம் கலையவில்லை.
பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கதவு இருந்த இடத்தில் இப்போது நீலத் தார்ப்பாய்.
போன செவ்வாய், பூஜ்யத்துக்குக் கீழே இருபத்திரண்டு,
டுலூத் நகரின் சரிவுகளில்
பதினோரு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டி
ஒரு கீறல் வாங்காத நான்
சொந்தக் காரை
சொந்தக் கதவின் ஊடாகவே
பின்னால் எடுத்தேன்.
திறக்கும் சத்தம் கேட்டது, சத்தியமாக.

திறந்தது பக்கத்து வீட்டுக் கதவு.

டேப்பின் நுனியை ஒரு மூலையில் மாட்டி
மறுமூலைக்கு நடந்தேன்.
எட்டடி வரை விறைப்பாக நின்றது.
ஒன்பதில் முதுகு வளைந்தது.
பத்தில் தரை.
ஆணி அடித்துப் பார்த்தேன், செங்கல் வைத்துப் பார்த்தேன்.
ஒற்றை ஆள் அளப்பதும்
ஒரு கை ஓசைதான்.

வெண்டல் கோர்ப்பி தபால் எடுக்க வந்தவன்
பெட்டியருகே நின்றுவிட்டான்.
நாலு குளிர்காலமாக நாங்கள் பேசுவதில்லை.
அவன் இயந்திரம் வாரி எறியும் பனி
என் பாதையில் விழுகிறது என்பது என் கட்சி.
அது காற்றின் வேலை என்பது அவன் கட்சி.
வரப்புத் தகராறுதான்;
ஏப்ரலில் உருகி ஓடிவிடும் வரப்பு.

"அந்த முனையை யாராவது பிடிக்கணும்,"
என்றான், கீழே உறைந்து கிடந்த ஏரியைப் பார்த்து.
ஏரி பதில் சொல்லவில்லை. நானும்.
வந்து பிடித்தான்.

மேலே பதினாறு, கால் அங்குலம்.
நடுவில் அதுவும் இல்லை.
கீழே பதினாறு, அரை.
எண்களை மட்டுமே பேசினோம்,
நீதிமன்றத்தில் பேசுவதுபோல.

"குறுக்கேயும் பிடி, மூலைக்கு மூலை."
பிடித்தோம். திருப்பிப் பிடித்தோம்.
ஒன்றுக்கொன்று ஒன்றரை அங்குலம் ஒத்துவரவில்லை.
"உன் கராஜ் என் பக்கம் சாயுது."
"எப்பலேருந்து?"
"கட்டின அன்னிக்கே சாஞ்சிருக்கும்."

தலைக்கு மேலே உள்ள இடத்தை அளக்க
கவிழ்த்த வாளிமேல் ஏறினான்.
வாளி ஆடியது.
முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்,
தடித்த கம்பளிக் கால்சட்டை, உள்ளே ஒரு நடுக்கம்.
அதை எங்கும் குறித்துக்கொள்ளவில்லை.

பேனா மை உறைந்துபோயிருந்தது.
பறவைத் தீனிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து
தச்சுப் பென்சிலால் அவனே எழுதினான்.
நுனியை விட்டான்.
பதினாறடி உலோகம் சீறிக்கொண்டு வந்து
என் கட்டைவிரலைக் கீறியது.
"ஐயோ" என்றது அவனா நானா, தெரியவில்லை.
தபாலை மறந்துவிட்டுப் போய்விட்டான்.

மாலையில் கடைக்கு வாசித்தேன்.
அகலம் சரி. உயரம் சரி.
"தலைக்கு மேலே?"
அட்டையை விளக்கடியில் பிடித்தேன்.
அவன் ஒன்றுக்கும் தொப்பி போடுகிறான்,
ஏழுக்கும் தொப்பி போடுகிறான்.
பதினொன்றா, பதினேழா?
"பன்னிரண்டுக்குக் குறைஞ்சா வேற தண்டவாளம் போடணும், மேடம்,
விலையும் வேற."

இந்த ஒன்றை ஒரே ஆள் அளந்துவிடலாம்.
ஏணி சுவரில் சாய்ந்திருக்கிறது,
டேப் என் பையிலேயே.

"லைன்ல இரும்மா," என்றேன்,
"கேட்டுட்டு வந்துடறேன்."
அவன் தபாலை எடுத்துக்கொண்டேன், அட்டையையும்.
வாசல் தாண்டிப் பாதி தூரம் போனபிறகுதான்
கால் வலித்தது:
வலது பூட்ஸ் இடதில்,
இடது வலதில்.