தொடர்ச்சிக் குறிப்பேடு

ஆற்றோரம் மூடிக் கிடந்த இறைச்சி ஆலை,
பதினோரு இரவுக்கு வாடகை.
உருகுவேயில் இதைவிட மலிவாகப்
பேய்வீடு கிடைக்காது என்றாள் மகாலி.
கொக்கிகள் கூரையிலேயே தொங்கின.
கலை இயக்குநர் தேவைப்படவில்லை.

என் வேலை எழுதுவது.
தம்ளர் எந்தக் கையில், எத்தனை பொத்தான் திறந்திருக்கிறது,
ரத்தம் காதுவரையா கழுத்துவரையா.
டாமியானாவுக்கு ஒரே ஒரு மஞ்சள் உடை.
அதனால் அவள் சாவைக் கடைசி இரவுக்குத் தள்ளினோம்.
மூன்றாம் நாள் காயத்தை முதலில் எடுத்தோம்,
அடியைப் பிறகு,
அடிக்கு முந்தைய சிரிப்பை அதற்கும் பிறகு,
ஒரு வியாழன் விடியலில்.
ஜெனரேட்டர் இரண்டு முறை நின்றது.
சிரிப்பு மூன்றாவது டேக்கில்தான் அமைந்தது.

யமிலா சிவப்பைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.
மூன்றாம் நாளுக்குச் சிவப்பு வராது என்றேன்.
ஊதா நடுவில் நிற்கும்,
ஓரம் பச்சை தட்டும், கன்றிப்போன பேரிக்காய் மாதிரி.
ஐந்தாம் நாள்தான் மஞ்சள்.
கண்ணுக்குக் கீழே விழுந்ததென்றால்
அதற்குள் கன்னத்துக்கு இறங்கியிருக்கும்,
யாரும் தொடாமலே, தானாக.
அவள் பிரஷ் நின்றது.
எங்கே படித்தாய் என்று கேட்கவில்லை.
பச்சையை எடுத்தாள்.
கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றேன்.
போதும் என்று நான் சொன்னபோது
டாமியானா கண்ணாடியில் தன்னைப் பார்க்காமல்
என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொலைகாரன் பெயர் வால்தெர்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்.
கட் சொன்னதும் முகமூடியைக் கழற்றி
வலித்ததா என்று கேட்பான்.
காற்றைத்தான் அறைந்திருப்பான், ஒரு சாண் தள்ளி.
இருந்தும் கேட்பான். மாத்தே குவளையை நீட்டுவான்.
அந்தக் கேள்வியை எந்தப் பத்தியில் எழுதுவதென்று
எனக்குத் தெரியவில்லை.
ஓரத்தில் எழுதி வைத்தேன்:
வலித்ததா, ஏழு முறை.

கதையில் ஒன்பது பேய்கள்.
காசு ஒரு பேய்க்குத்தான் இருந்தது.
உள்ளூர் வானொலியில் சொன்னோம்:
ஒரு தட்டுச் சாப்பாடு உண்டு, பேருந்துக் காசு கிடையாது,
படுக்கை விரிப்பை நீங்களே கொண்டுவர வேண்டும்.
ஐந்தாறு பேர் வந்தால் அதிகம் என்றிருந்தோம்.
முப்பத்து நான்கு பெண்கள்,
நடந்து, சைக்கிளில், ஒருத்தி டிராக்டரில்.
விரிப்புகளில் பூ இருந்தது, இஸ்திரி மடிப்பு இருந்தது.
ஒன்றில் சிவப்பு நூலில் இரண்டு பெயர்களின் முதலெழுத்து,
அதில் ஓர் எழுத்து பிரிக்கப்பட்டு
ஊசித்துளைகள் மட்டும்.
முகத்துக்கு மைதா மாவு.

தூணுக்குப் பின்னாலிருந்து வாருங்கள்,
கோபமாகப் பாருங்கள் என்றாள் மகாலி.
வந்தார்கள். பார்த்தார்கள்.
கட். இன்னும் கோபம் வேண்டும்.
வந்தார்கள். பார்த்தார்கள்.
உங்களைக் கொன்றவன் எதிரில் நிற்கிறான்,
அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.
முன்வரிசையில் ஒருத்தி, காலில் ரப்பர் செருப்பு,
கண்ணிமையெல்லாம் மாவு,
இதுதான் கோபம் மகளே, வேறு இல்லை என்றாள்.
வால்தெர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்
தரையைப் பார்த்தான்.
கேமராவை யாரும் நிறுத்தவில்லை.
அதைத்தான் படத்தில் வைத்தோம்.

நகர மன்றத்தில் திரையிட்டோம்.
ரத்தத்துக்குச் சிரித்தார்கள். சிரிக்கலாம்,
பீட்ரூட் சாறு, ஒரு ஷாட்டில் எறும்பு ஊர்கிறது.
முகமூடியின் எலாஸ்டிக்குக்கும் சிரித்தார்கள்.
மூன்றாம் நாள் காட்சியில் மட்டும்
ஒரு நாற்காலியும் கிறீச்சிடவில்லை.
எனக்கு முன்னால் இருந்த பெண் கைப்பையைத் திறந்தாள்,
எதையும் எடுக்காமல் மூடினாள்.
மறுபடி திறந்தாள்.
என்ன தேடுகிறாய் என்றது பக்கத்துக் குரல்.
ஒன்றுமில்லை என்றாள்.

இடது கை, இரண்டு முறை.
இருட்டிலேயே குறித்துக்கொண்டேன்,
பழக்கம்.